சிற்றூர்களில் ஒரு பெருநாடு

நுழையும்முன்

அமெரிக்கா என்றதும் விண்ணை முட்டும் கட்டடங்களும் விரைந்து செல்லும் ஊர்திகளும் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஆனால், அந்நாட்டிற்குச் சென்ற அயல்நாட்டு அறிஞர் சிலர் அதன் உயிர்ப்பை வேறிடங்களில் கண்டனர். சிற்றூர்த் திருவிழா, ஆலைப்பெண்களின் விடுதி, ஆற்றங்கரைக் காலைப்பொழுது, சாலையோரக் கடை ஆகியவை அவர்களுக்கு அந்நாட்டை அறிமுகம் செய்தன. அவர்கள் கண்ட எளிய இன்பங்களையும், அவ்வின்பங்கள் அனைவருக்கும் கிடைத்தனவா என்னும் கேள்வியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

விருந்தினரின் கண்

நாள்தோறும் காண்பவற்றை நாம் உற்றுநோக்குவதில்லை. நம் தெருமுனைத் தேநீர்க்கடையில் நாளிதழைப் பகிர்ந்து படிப்போரும், மாலை வேளையில் கோயில் குளத்துப் படிகளில் அமர்ந்து உரையாடுவோரும் நமக்குப் புதுமையாகத் தோன்றுவதில்லை. தொலைவிலிருந்து வரும் ஒருவர்க்கு அவையே வியப்பளிக்கும். பழக்கம் மறைத்துவிட்டதைப் புதியவரின் கண் வெளிக்கொணர்கிறது.

நாட்டின் தலைநகரும் நினைவுச் சின்னங்களும் விருந்தினருக்காக அணி செய்யப்பெற்றவை. ஊர்மக்கள் தம் ஓய்வுப்பொழுதை எவ்வாறு கழிக்கின்றனர், யாருடன் அமர்ந்து உண்கின்றனர், எதைக் கண்டு மகிழ்கின்றனர் என்பன எவரையும் கருதி அமைந்தவை அல்ல. ஆகவே, ஒரு மக்களின் இயல்பை அறிய விரும்புவோர்க்கு அவர்தம் அன்றாட மகிழ்ச்சியே நம்பத்தக்க சான்றாகிறது. கடந்த இரு நூற்றாண்டுகளில் அமெரிக்காவிற்குச் சென்ற பயணியர் பலரின் பட்டறிவு இதனை உறுதிப்படுத்துகிறது.

ஆல்பனி நகரின் ஊர்வலம்

பிரான்சு நாட்டைச் சேர்ந்த அலெக்சி டி டோக்வில் 1831ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க மண்ணில் கால் வைத்தார். அப்பொழுது அவருக்கு வயது 25. அந்நாட்டுச் சிறைச்சாலைகளின் அமைப்பை ஆராய்ந்து அறிக்கை அளிப்பதே அவருக்கும் அவர்தம் நண்பர் குஸ்தாவ் டி போமோனுக்கும் இடப்பட்ட பணி. ஆயினும், ஒன்பது மாதப் பயணத்தில் அவர்கள் சிறைகளைவிட மக்களையே மிகுதியாகக் கற்றனர்.

1831 ஜூலை 4 அன்று, நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் விடுதலைத் திருநாள் கொண்டாடப்பட்டது. மன்னர்களின் பகட்டான விழாக்களைக் கண்டு பழகிய பிரெஞ்சு இளைஞர்களுக்கு அவ்விழா முதலில் எளிமையாகவே தோன்றியது. அணிவகுத்துச் சென்றோர் கைவினைஞர்களும் தொழிலாளர்களும் ஆவர். ஒவ்வொரு தொழிலைச் செய்வோரும் தத்தம் சங்கத்தின் கொடியுடன் நடந்தனர். பின்னர்த் தேவாலயம் ஒன்றில் கூடியோர் முன்னிலையில் விடுதலைச் சாற்றுரை படிக்கப்பட்டது. அவ்வேளையில் மக்களிடையே எழுந்த உணர்ச்சி டோக்வில்லின் உள்ளத்தைத் தொட்டது. ஆணையிடுவோர் இன்றி, மக்கள் தாமே கூடித் தம் விழாவை நடத்தியமை அவர் சிந்தனையைத் தூண்டியது.

பள்ளி கட்டவும், சாலை அமைக்கவும், விழா நடத்தவும் அமெரிக்கர்கள் தாமே சங்கம் அமைத்துக்கொள்ளும் பழக்கத்தை அவர் பின்னர்த் தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். காட்டைத் திருத்திக் குடியேறியோரின் மரக்குடில்களிலும் ஷேக்ஸ்பியரின் நூல்கள் சில இருந்தமையை அவர் குறித்துள்ளார். ‘ஐந்தாம் ஹென்றி’ என்னும் நாடகத்தை அவர் முதன்முதலாகப் படித்தது அத்தகைய மரவீடு ஒன்றில்தான்.

தெரிந்து தெளிவோம்

டோக்வில் எழுதிய ‘அமெரிக்காவில் மக்களாட்சி’ என்னும் நூலின் முதற்பகுதி 1835இலும் இரண்டாம் பகுதி 1840இலும் வெளிவந்தன. வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதி ஊர்களில் மக்கள் நேரில் கூடி ஊர்ச்செலவுகளை முடிவு செய்யும் ஊர்க்கூட்ட முறை இன்றும் நடைமுறையில் உள்ளது. வெர்மான்ட் மாநிலத்தில் மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்ட நாளாகும். கூட்டத்தின் இடைவேளையில், வீட்டிற்கு ஓர் உணவாகக் கொண்டுவந்து பகிர்ந்துண்ணும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு.

ஆலைப்பெண்களின் பியானோ

ஆங்கிலப் புதின ஆசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842ஆம் ஆண்டு அமெரிக்காவில் பயணம் செய்தார். அந்நாட்டைப் புகழ்வதில் அவர் சிக்கனம் காட்டியவர். புகையிலையை மென்று எங்கும் உமிழும் வழக்கத்தை எள்ளி நகையாடினார். அடிமை முறையைக் கடுமையாகக் கண்டித்தார். அத்தகையவரையும் மகிழச் செய்த ஊர் ஒன்று உண்டு. அது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நெசவாலை நகரமாகிய லோவல்.

பண்ணைக் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் அவ்வூர் ஆலைகளில் பணியாற்றினர். ஆலைகளைச் சார்ந்த விடுதிகளில் தங்கினர். அங்கே அவர் கண்ட மூன்று செய்திகளைத் தம் நாட்டினர் நம்பமாட்டார்கள் என்று டிக்கன்ஸ் கருதினார். விடுதிகள் பலவற்றில் பெண்கள் கூட்டாகப் பணம் செலுத்தி வாங்கிய பியானோ இருந்தது. ஏறத்தாழ அனைவரும் சுற்றுநூலகங்களில் உறுப்பினராக இருந்தனர். மேலும், ‘லோவல் ஆஃபரிங்’ என்னும் இதழில் அவர்கள் தாமே கதைகளும் கட்டுரைகளும் எழுதினர். அவ்விதழின் 400 பக்கங்களைத் தாம் முழுமையாகப் படித்ததாக டிக்கன்ஸ் குறிப்பிட்டுள்ளார்.

இவையெல்லாம் உழைக்கும் பெண்களின் தகுதிக்கு மீறியவை என்று கூறுவோர்க்கு அவர் மறுமொழியும் அளித்தார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைப்போர், அவ்வுழைப்பிற்குப் பின் இசையையும் நூலையும் நாடுவதில் தகுதி மீறல் ஏது என்பதே அவர் கேள்வி. இன்பம் என்பது செல்வர்க்கு மட்டும் உரியது என்னும் பழைய எண்ணத்தை ஒரு விடுதியின் பியானோ கேள்விக்கு உள்ளாக்கியது.

தெரியுமா?

ஸ்காட்லாந்தில் பிறந்து, சிறுவனாக இருந்தபோது குடும்பத்துடன் அமெரிக்காவில் குடியேறியவர் ஆண்ட்ரூ கார்னகி. உழைக்கும் சிறுவர்களுக்காக ஒருவர் திறந்துவைத்த தனி நூலகத்தில் அவர் படித்து வளர்ந்தார். பின்னாளில் எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டியபோது, அமெரிக்காவில் மட்டும் 1,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் கட்டப் பொருள் வழங்கினார். அவற்றுள் பல சிற்றூர்களில் அமைந்தவை.

ஆற்றங்கரையில் பிறந்த இசை

செக் நாட்டு இசைமேதை அன்டோனின் துவோர்ஷாக் 1892இல் நியூயார்க் நகருக்கு வந்தார். அங்கிருந்த தேசிய இசைக்கல்லூரியின் இயக்குநராக அவர் அழைக்கப்பட்டிருந்தார். பெருநகரின் வாழ்வு அவருக்குப் புகழ் தந்தது. ஆயினும், தாய்நாட்டின் வயல்வெளிகளை எண்ணி அவர் உள்ளம் ஏங்கியது. 1893ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில் அயோவா மாநிலத்தின் ஸ்பில்வில் என்னும் சிற்றூருக்குக் குடும்பத்துடன் சென்றார். செக் மொழி பேசும் குடியேறிகள் வாழ்ந்த ஊர் அது.

அங்கே அவர் விடியற்காலையில் எழுந்து டர்க்கி ஆற்றின் கரையில் உலாவினார். புனித வென்சஸ்லாஸ் தேவாலயத்தில் காலை வழிபாட்டின்போது ஆர்கன் இசைத்தார். ஊர் முதியவர்களுடன் அமர்ந்து, அவர்கள் குடியேறிய காலத்து இன்னல்களைக் கேட்டறிந்தார். பரந்த புல்வெளியின் தனிமை அவரை வியப்பிலும் துயரிலும் ஒருங்கே ஆழ்த்தியது. ஊருக்கு வந்த மூன்று வாரங்களுக்குள் நால்வர் இசைக்கும் நரம்பிசைப் படைப்பு ஒன்றை அவர் எழுதி முடித்தார். ‘அமெரிக்கன்’ என்று இன்று அழைக்கப்பெறும் அப்படைப்பின் மூன்றாம் பகுதியில், அவ்வூரில் அவர் கேட்ட பறவை ஒன்றின் குரலும் இடம்பெற்றுள்ளது.

துவோர்ஷாக்கின் கோடை நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. அமெரிக்க வட்டாரங்களின் வாழ்வு வெளியிலிருந்து வந்தோரால் உருவானது. செக் மக்கள் தம் வழிபாட்டையும் பாட்டையும் அயோவாவிற்குக் கொண்டுவந்தனர். அதனால், ஓர் அயலவர் அயல்நாட்டில் தம் ஊரையே கண்டடைந்தார். அதே கோடையில், மருந்து மூலிகை விற்க ஸ்பில்விலுக்கு வந்த தொல்குடி மக்களின் பாடலையும் ஆடலையும் அவர் ஆர்வத்துடன் கண்டார். அந்நிலத்தின் முதல் மக்கள் அங்கே வழிப்போக்கர்களாக வந்துசென்றனர் என்பது எண்ணத்தக்கது.

ஊசியிலை மரத்தடியில் ஒரு வகுப்பு

துவோர்ஷாக் ஸ்பில்வில்லில் தங்கியிருந்த அதே கோடையில் மற்றொரு விருந்தினரும் அமெரிக்கா வந்து சேர்ந்தார். அவர் சுவாமி விவேகானந்தர். அவருடைய பயணத்திற்காகச் சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டினர் என்பது தமிழகம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி.

சிகாகோவில் சமயப் பேரவை கூடச் செப்டம்பர் மாதம் ஆகும் என்றும், அறிமுகக் கடிதமின்றி அதில் பங்கேற்க இயலாது என்றும் அறிந்து அவர் கலங்கினார். கையிருப்பும் கரைந்துகொண்டிருந்தது. செலவு குறைந்த பாஸ்டன் பகுதியை நாடிச் சென்றார். தொடர்வண்டிப் பயணத்தின்போது கேட் சான்பார்ன் என்னும் பெண் எழுத்தாளரை அவர் சந்தித்திருந்தார். அவர் தமது பண்ணை வீட்டில் தங்குமாறு சுவாமியை அழைத்தார். முன்பின் அறியாதவர்க்குக் கதவைத் திறந்த அவ்விருந்தோம்பலின் வழியாகவே ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்டின் நட்பும், அவர் அளித்த அறிமுகக் கடிதமும் கிடைத்தன. சிகாகோ உரையை உலகம் அறியும். அதற்கு வழியமைத்த சிற்றூர்ப் பண்ணை வீட்டை அறிந்தோர் சிலரே.

மறு ஆண்டு கோடையில் மேய்ன் மாநிலத்தின் கிரீனேக்கர் என்னுமிடத்தில் நடைபெற்ற கூட்டங்களில் அவர் கலந்துகொண்டார். நகரங்களிலிருந்து வந்தோர் ஆற்றங்கரையில் கூடாரமிட்டுத் தங்கினர். ஓங்கி வளர்ந்த ஊசியிலை மரத்தின் அடியில் தரையில் அமர்ந்து அவர் பாடம் நடத்தினார். விண்மீன்களின் கீழ் உறங்குவதும் மரத்தடியில் மெய்ப்பொருள் பேசுவதும் நம் நாட்டுத் துறவிக்குப் புதியனவல்ல. அமெரிக்கரின் கோடைகால இன்பம் ஒன்று இந்தியத் தவக்குடிலின் மரபோடு அங்கே கைகோத்தது.

ஒற்றை மாடி அமெரிக்கா

1935இல் சோவியத் நாட்டு நகைச்சுவை எழுத்தாளர்களான இலியா இல்ஃபும் யெவ்கெனி பெட்ரோவும் அமெரிக்கா சென்றனர். ஃபோர்டு மகிழுந்து ஒன்றில், அமெரிக்க இணையர் ஒருவருடன், கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை சென்று திரும்பினர். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 16,000 கிலோமீட்டரை அவர்கள் கடந்தனர். வானளாவிய கட்டடங்களின் நாடு என்று எண்ணி வந்தவர்கள், பெரும்பாலான அமெரிக்கர்கள் தாழ்ந்த வீடுகள் நிறைந்த சிற்றூர்களிலேயே வாழ்வதைக் கண்டனர். தம் நூலுக்கு ‘ஒற்றை மாடி அமெரிக்கா’ என்றே பெயரிட்டனர்.

எரிபொருள் நிலையப் பணியாளர் கேளாமலேயே வண்டியின் கண்ணாடியைத் துடைத்துத் தருவதும், விலையின்றி வரைபடம் வழங்குவதும் அவர்களைக் கவர்ந்தன. வழியில் கைகாட்டி நின்றோரை ஏற்றிச்சென்று, அவர்தம் கதைகளைக் கேட்டனர். மார்க் ட்வைன் வளர்ந்த ஹானிபல் என்னும் ஆற்றங்கரை ஊருக்கும் சென்றனர். எனினும், கண்ட யாவற்றையும் அவர்கள் புகழவில்லை. ஊருக்கு ஊர் மாறாத கடைத்தெருக்களும், சுவையற்ற உணவும், எங்கும் நிறைந்த விளம்பரங்களும் அவர்தம் எள்ளலுக்கு ஆளாயின. நிறையும் குறையும் ஒருங்கே காணும் நடுநிலையே அந்நூலுக்கு உயிரூட்டுகிறது.

மண் தரும் சுவைகள்

கடைத்தெருக்கள் ஒன்றுபோலத் தோன்றினாலும், பருவமும் மண்ணும் வட்டாரங்களுக்குத் தனித்தன்மையை அளிக்கின்றன. வடகிழக்கில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தில் குளிர்காலம் முடியும் தறுவாயில் இரவில் நீர் உறையும். பகலில் பனி உருகும். அவ்வேளையில் மேப்பிள் மரங்களின் சாறு சுரக்கத் தொடங்கும். ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். தொல்குடி மக்களிடமிருந்து குடியேறிகள் கற்ற தொழில் இது. சூடான பாகைத் தூய பனியின்மீது ஊற்ற, அது மெல்லிய இழையாக இறுகும். அதனை முட்கரண்டியில் சுற்றி உண்பர். இனிப்பின் திகட்டல் நீங்க, இடையிடையே புளித்த வெள்ளரிக்காய் ஊறுகாயைக் கடித்துக்கொள்வர். நம் பனங்காட்டில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பதை அறிந்தோர்க்கு அக்காட்சி அயலாகத் தோன்றாது.

தென்மேற்கில் உள்ள நியூ மெக்சிகோ மாநிலத்தின் மணம் வேறு. கோடை முடியும் காலத்தில் கடைவாசல்களில் சுழலும் கம்பி உருளைகளில் பச்சை மிளகாயைத் தீயில் வாட்டுவர். அம்மணம் தெருவெங்கும் பரவும். சிவந்த பழமிளகாயைச் சரமாகக் கோத்து வீட்டு வாசலில் தொங்கவிடுவர். உணவகத்தில் அமர்ந்ததும், “சிவப்பா, பச்சையா?” என்று வினவுவர். அவ்வினாவையே தம் மாநிலத்தின் அலுவல்முறை வினாவாக அம்மாநிலம் 1996இல் ஏற்றுக்கொண்டது. இரண்டும் வேண்டுவோர் “கிறிஸ்துமஸ்” என்று விடையளிப்பர்.

தெரியுமா?

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். போர்ச்சுகீசியர் வழியாக அது இந்தியாவிற்கு வந்தது. அதற்குமுன் நம் சமையலில் காரத்திற்குப் பயன்பட்டது மிளகு.

எல்லாருக்கும் இடம் உண்டா?

இதுவரை கண்ட இன்பங்கள் எளியவை. ஆயினும், எளிய இன்பமும் எல்லாருக்கும் எளிதில் கிடைத்துவிடவில்லை. விடுதலைத் திருநாளைக் கண்டு மகிழ்ந்த டோக்வில், அதே ஆண்டு டிசம்பரில் மெம்பிஸ் நகரில் மற்றொரு காட்சியைக் கண்டார். தம் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சாக்டா இனத்தொல்குடியினர், கடுங்குளிரில் நோயாளிகளுடனும் முதியவர்களுடனும் மிசிசிப்பி ஆற்றைக் கடந்துகொண்டிருந்தனர். அவர்தம் மௌனத்தை அவர் தம் நூலில் பதிவு செய்தார். டிக்கன்ஸ் பாராட்டிய லோவல் ஆலைகளில் நூற்கப்பட்ட பஞ்சு, தென்மாநிலங்களில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது.

பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் தெ பொவார் 1947இல் நான்கு மாதங்கள் அமெரிக்காவில் பயணம் செய்தார். மருந்துடன் நூல்களும் பனிக்கூழும் சிற்றுண்டியும் கிடைக்கும் அந்நாட்டு மருந்துக்கடைகள் அவருக்குப் பெரிதும் பிடித்திருந்தன. கடையின் நீண்ட மேடையருகே உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, அருகிலிருப்போருடன் உரையாடியபடி உண்பது சிற்றூர் அமெரிக்காவின் விருப்பமான வழக்கங்களுள் ஒன்று. அவரே பேருந்தில் தென்மாநிலங்களைக் கடந்தபோது, வெள்ளையர்க்குத் தனி, கறுப்பினத்தவர்க்குத் தனி என்று பிரிக்கப்பட்ட காத்திருப்பு அறைகளைக் கண்டார். மகிழ்ந்ததை எழுதிய அதே நாட்குறிப்பில் மனம் வருந்தியதையும் எழுதினார்.

கடைமேடையில் அமர்ந்து ஒரு குவளை காப்பி அருந்துவது சிறிய செயல்தான். வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில், 1960 பிப்ரவரி 1 அன்று, கறுப்பினக் கல்லூரி மாணவர் நால்வர் உல்வொர்த் கடையின் உணவு மேடையில் அமர்ந்து காப்பி கேட்டனர். அக்கடையில் மற்றப் பொருள்களை வாங்க அவர்களுக்குத் தடையில்லை. அமர்ந்து உண்ணத்தான் உரிமையில்லை. காப்பி மறுக்கப்பட்டது. கடை மூடும்வரை அவர்கள் எழவில்லை. மறுநாள் மேலும் பல மாணவர்கள் வந்தமர்ந்தனர். அவ்வறப்போராட்டம் பிற நகரங்களுக்கும் பரவியது. ஜூலை 25 அன்று அம்மேடை கறுப்பின மக்களுக்கும் திறக்கப்பட்டது. பொது இடங்களில் நிறவேற்றுமை காட்டுவதைத் தடைசெய்யும் குடியுரிமைச் சட்டம் 1964இல் நிறைவேறியது. அம்மேடையின் ஒரு பகுதி வாசிங்டனில் உள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

அந்நால்வரும் போராடிப் பெற்றது காப்பியை மட்டுமன்று. ஊரார் கூடி மகிழும் இடத்தில் தமக்கும் ஓர் இருக்கை உண்டு என்னும் உரிமையைப் பெற்றனர். ஆல்பனி தேவாலயத்தில் படிக்கப்பட்ட விடுதலைச் சாற்றுரை, மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று கூறியது. அச்சொல் எவ்வளவு தொலைவு செயலாகியது என்பதை ஓர் உணவு மேடையின் இருக்கைகள் அளந்து காட்டின.

பயணம் கற்பிப்பது

நல்ல பயணி ஒரு நாட்டை இரண்டு கேள்விகளுடன் அணுகுகிறார். இம்மக்கள் எதில் மகிழ்கின்றனர் என்பது முதற்கேள்வி. அம்மகிழ்ச்சியில் பங்கின்றி வெளியே நிற்போர் யாவர் என்பது இரண்டாம் கேள்வி. முதற்கேள்வியை மட்டும் கேட்போர் புகழுரை எழுதுவர். இரண்டாவதை மட்டும் கேட்போர் குற்றப்பட்டியல் எழுதுவர். இரண்டையும் கேட்டவர்களின் எழுத்தே காலத்தைக் கடந்து நிற்கிறது.

இக்கேள்விகளைக் கேட்கக் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் ஊரின் திருவிழா, நூலகம், தேநீர்க்கடை, விளையாட்டுத் திடல் ஆகியவற்றைப் புதியவரின் கண்கொண்டு நோக்கலாம். அங்கே கூடியிருப்போரின் மகிழ்ச்சியைக் காணும்போதே, அங்கு வர இயலாதவர் எவர் என்றும் எண்ணிப் பார்க்கலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு முதன்முறையாக வரும் அயல்நாட்டவர் ஒருவர் எழுதுவதுபோல, உங்கள் ஊரின் ஒருநாள் நிகழ்வுகளைப் பயணக் கட்டுரையாக எழுதுக.
2. மேப்பிள் பாகு காய்ச்சுதலையும் கருப்பட்டி காய்ச்சுதலையும் ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.
3. உங்கள் ஊரின் பொது இடங்களைப் பட்டியலிட்டு, அவற்றை முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் பெண்களும் தடையின்றிப் பயன்படுத்த இயலுகிறதா என ஆராய்ந்து குறிப்பு எழுதுக.

திறன் அறிவோம்

குறுவினா
1. டோக்வில் அமெரிக்கா சென்றதன் நோக்கம் யாது?
2. இல்ஃபும் பெட்ரோவும் தம் நூலுக்கு ‘ஒற்றை மாடி அமெரிக்கா’ எனப் பெயரிட்டது ஏன்?

சிறுவினா
1. லோவல் நகரில் டிக்கன்ஸ் கண்டு வியந்த மூன்று செய்திகளை விளக்குக.
2. ஸ்பில்வில் சிற்றூர் துவோர்ஷாக்கின் படைப்பில் பெற்ற இடத்தை எழுதுக.

நெடுவினா
‘எளிய இன்பமும் எல்லாருக்கும் எளிதில் கிடைத்துவிடவில்லை’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகள் கொண்டு நிறுவுக.